குறட்டைக்கு எத்தனை மார்க்?

சகலைக்குச் சும்மா மாத்திரை போய்விட்டது என்ற செய்தி, சராசரியார் பல் தேய்த்து முடிப்பதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டது. மனைவியின் தங்கை போனில் அழுதிருக்கிறாள். போனை வைத்த கையோடு மனைவி குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா? ஊருக்கெல்லாம் மருந்து, அவருக்கு மட்டும் சர்க்கரையா?"

வாயில் நுரையை வைத்துக்கொண்டு புள்ளியியல் பேச முடியாது. சராசரியார் கொப்பளித்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டார்.

"அவரே கடிச்சுப் பார்த்திருக்கார். இனிக்குதாம். எதிர்வீட்டு ஃபிட்டரோடதை வாங்கிக் கடிச்சா அது கசக்குதாம். கசக்கறதுதானே மருந்து?"

சராசரியார் ஒரு மருந்து கம்பெனியில் புள்ளிவிவர அதிகாரி. சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, "சராசரியா பார்த்தா..." என்றுதான் ஆரம்பிப்பார். அந்தச் சொல் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டு, கடைசியில் சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் சராசரியார் ஆகிவிட்டார்.

கம்பெனி புதிதாகக் குறட்டை மாத்திரை ஒன்று தயாரித்திருந்தது. அது வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்வது அவர் பொறுப்பு. கம்பெனிக் குடியிருப்பில் இருக்கும் ஊழியர்களில் குறட்டைக்காரர்களைத் திரட்டினார். குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு மருந்து கொடுத்தார். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது, சராசரியாருக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. அந்த விவரம் ஓர் உறைக்குள் ஒட்டப்பட்டு முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது.

குறட்டையை அளப்பது யார்? விடுகிறவனுக்கு அது கேட்காது. எனவே மனைவிமார்தான் அளவுகோல் என்று முடிவு செய்தார். தினமும் காலையில் வரவேற்பறைப் பெண் வீடு வீடாகப் போன் செய்து, "நேத்து எத்தனை மார்க்?" என்று கேட்பாள். சத்தமே இல்லையென்றால் பூஜ்யம். சுவர் அதிர்ந்தால் பத்து. இதைவிடச் சுத்தமான ஏற்பாடு இருக்க முடியாது என்று சராசரியார் நம்பினார். இந்த யோசனை தோன்றிய அன்று தன்னையே கண்ணாடியில் ஒருமுறை கூடுதலாகப் பார்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் மனைவிக்குப் பொறுமையாக விளக்கினார். குலுக்கலில் விழுந்ததை மாற்றக் கூடாது, மாற்றினால் ஆராய்ச்சியே பாழாகிவிடும் என்றார்.

"குலுக்கல்ல விழுந்ததை மாத்தக் கூடாதுன்னு எனக்கு நீங்க சொல்லித் தரணுமா? இத்தனை வருஷமா நான் அதைத்தானே வெச்சுக் காலம் தள்ளிக்கிட்டிருக்கேன்," என்றாள் மனைவி.

அன்று வந்த டீயில் சர்க்கரை இல்லை. கேட்டதற்கு, வீட்டில் இருந்ததெல்லாம் மாத்திரைக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது.

அலுவலகத்துக்குப் போனதும் சராசரியார் முதல் வேலையாக ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு வகை மாத்திரைக்கும் மேலே ஒரே கசப்புப் பூச்சு பூசிவிடச் சொன்னார். இனி எவன் கடித்தாலும் கசக்கும், சண்டை ஒழிந்தது.

சகலை மறுநாள் கடித்தார். முகம் கோணிப் போய், பிறகு மலர்ந்தது. கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்த அவர், வந்துபோன லாரிக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்தார். தன் சகலை உள்ளே பேசி, தன்னை நிஜ மருந்துக்கு மாற்றிவிட்டாராம். மாலைக்குள் சராசரியார் மேசையைச் சுற்றிக் கூட்டம். சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்டார்கள். எதிர்வீட்டு ஃபிட்டர், தன் மாத்திரை முன்பும் கசந்தது, இப்போதும் அதே அளவுதான் கசக்கிறது, மற்றவர்களெல்லாம் முன்னேறிவிட்டார்கள், தான் மட்டும் அங்கேயே நிற்பதாக வருத்தப்பட்டார்.

ஆனால் மார்க் இறங்க ஆரம்பித்தது. வரவேற்பறைப் பெண் இதை முதலாளி காதில் போட்டுவிட்டாள். முதலாளி உறையைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். முடிவதற்குள் பார்க்கவே கூடாது, அது அடுப்பில் இருப்பதை நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பது மாதிரி, வேகாது என்று சராசரியார் தடுத்தார்.

"அடுப்பு என்னோடது. பானை என்னோடது. நான் பார்க்கக் கூடாதா?" என்று முதலாளி உறையைக் கிழித்தார்.

இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. ஒன்று, இனித்ததுதான் நிஜ மருந்து. கசந்தால் இரண்டாம் தரம் எவன் வாங்குவான் என்று முதலாளியே இனிப்புச் சேர்க்கச் சொல்லியிருந்தார். சும்மா மாத்திரையில் இருந்த ஏதோ மாவு இயல்பாகவே கசப்பு. ஆகச் சகலை முதல் நாளிலிருந்தே நிஜ மருந்தைத்தான் தின்றுகொண்டிருந்தார். இதை வீட்டில் போய்ச் சொல்லலாம் என்று சராசரியார் நினைத்து, நினைத்த வேகத்திலேயே கைவிட்டார். அந்த வீட்டில் உண்மைக்கு ஏற்கெனவே இடம் போதவில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். மருந்து தின்றவர்களைவிடச் சும்மா மாத்திரை தின்றவர்களுக்குத்தான் குறட்டை அதிகமாகக் குறைந்திருந்தது.

முதலாளி கிழித்த உறையை மேசைமேல் போட்டார். "அப்ப, ஒண்ணுமே இல்லாதது என் மருந்தைவிட நல்லா வேலை செய்யுதுங்கறீங்க."

"சராசரியா பார்த்தா... ஆமாங்க."

பக்கத்தில் இருந்த விற்பனை மேலாளர் தொண்டையைச் செருமினார். அப்படியானால் சும்மா மாத்திரையையே விற்றுவிடலாமே, பக்கவிளைவும் கிடையாது, காலாவதியும் ஆகாது என்றார். முதலாளி அவரைத் திட்டுவார் என்று சராசரியார் காத்திருந்தார். முதலாளியோ, அந்த மாவு எங்கே கிடைக்கிறது என்று விசாரித்தார்.

சராசரியார் குறுக்கே புகுந்தார். ஆள் குறைவாக இருந்தால் இப்படித்தான் குருட்டு அதிர்ஷ்டம் உள்ளே புகுந்து விளையாடும், ஆள் கூடினால் உண்மை தானாகத் தலைகாட்டும் என்று அவசரமாகச் சொன்னார். அதுவும், லேசாக விடுகிறவர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாது. பத்து மார்க் வாங்குகிற பலமான குறட்டைக்காரர்களாகச் சேர்ப்போம் என்றார். குடியிருப்பு வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

மறுநாள் காலை வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. எல்லாம் பெண்கள். ஒவ்வொருத்தியும் தன் புருஷனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினாள். ஓட்டுநர் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்து, தான் குறட்டையே விடுவதில்லை என்றார். தூங்குகிறவருக்கு என்ன தெரியும், நீங்கள் பத்து என்று எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றாள் அவர் மனைவி. சராசரியாருக்குக் கண் கலங்கியது. விஞ்ஞானத்தின் மேல் ஜனங்களுக்கு இவ்வளவு ஈடுபாடா என்று தோன்றியது.

வரிசையில் கடைசியாக நின்றவள் அவருடைய மனைவி.

ஆராய்ச்சி நடத்துகிறவனே அதில் ஆளாகச் சேரக் கூடாது என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"ஊர்க் குறட்டையெல்லாம் கணக்குல வரும், உங்க குறட்டை மட்டும் வராதா?" என்றாள் அவள். சொந்த அதிகாரியே தின்கிறார் என்றால் விளம்பரத்துக்கு நல்லது என்று விற்பனை மேலாளரும் சேர்ந்துகொண்டார். சராசரியார் ஒரு பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதிதாக ஒரு தொல்லை முளைத்தது. சிலர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. மறதி, கசப்பு, வேலை என்று ஆளுக்கொரு காரணம். ரோஷம் வந்தால் போடுவார்கள் என்று கணக்குப் போட்ட சராசரியார், ஒவ்வொருவர் வாங்கிய மார்க்கையும் வாரா வாரம் கேன்டீன் பலகையில் எழுதி மாட்டச் சொன்னார்.

அவ்வளவுதான், மார்க் மளமளவென்று சரிந்தது. மருந்துக்காரர்களுக்கும் சரிந்தது, சும்மாக்காரர்களுக்கும் சரிந்தது. முதலாளிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சராசரியார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உச்சத்தில் இருக்கும்போது பிடித்துச் சேர்த்தவர்கள் எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்வார்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கினால் அது மருந்தால் இல்லை என்று விளக்கினார்.

"இரண்டு பக்கம் இருந்தாத்தானே இந்தப் பிரச்சினை? ஒரு பக்கத்தை எடுத்துடுங்க," என்றார் முதலாளி.

சராசரியார் மறுத்தார். பிறகு யோசிப்பதாகச் சொன்னார். பிறகு, யோசிக்க நேரம் இல்லாததால், எடுத்துவிட்டார். சும்மாக்காரர்களுக்கும் இனி நிஜ மருந்துதான்.

ஒன்றை விட்டுக்கொடுத்தால் அடுத்தது சுலபம். ஃபிட்டருக்கு மூன்றாக இருந்த மார்க் ஒரே வாரத்தில் எட்டுக்கு ஏறியது. விசாரித்ததில், அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பதாகத் தெரிந்தது. வீட்டில் ஆள் கூடினால் காற்றோட்டம் குறையும், அதனால் குறட்டை கூடும் என்று சராசரியார் குறித்துக்கொண்டு அவரை நீக்கினார். கேஷியருக்குத் திங்கட்கிழமை காலையில் மட்டும் மார்க் எகிறியது. பார்த்தால் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் படுத்துக் கிடப்பதால் வரும் விளைவு இது, ஓய்வே குறட்டைக்குக் காரணம் என்று ஒரு புதிய கொள்கையையே வகுத்தார். அதற்கு ஒரு வரைபடமும் போட்டார். வரைபடம் அழகாக வந்ததால் கொள்கையின் மேல் அவருக்கு நம்பிக்கை கூடியது.

நேரில் போய்ப் பார்த்தால் இன்னும் ஏதாவது அகப்படும் என்று ஒருநாள் காலையில் குடியிருப்பைச் சுற்றி வந்தார். பார்த்த காட்சி அவரை மலைக்க வைத்தது. கேஷியர் மனைவியின் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். குறட்டையே விடுவதில்லை என்ற ஓட்டுநர், மாடியில் ஈரத்துணியை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சகலை வீட்டில், தின்ற தட்டை நகர்த்திவைக்காதவர் என்று பெயர் எடுத்த சகலை, முழங்கை வரை சோப்பு நுரையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சகலை இது?" என்றார் சராசரியார்.

சகலை ஒரு கணம் விழித்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். "என்னவோ தெரியல சகலை. காலையில எழுந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி வேகமாகத் தேய்த்தார்.

சராசரியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. குறட்டை நின்றால் நல்ல தூக்கம், நல்ல தூக்கம் வந்தால் பகலில் இப்படி ஒரு சுறுசுறுப்பு. எவ்வளவுக்கெவ்வளவு மார்க் குறைவோ, அவ்வளவுக்கவ்வளவு வீட்டு வேலை அதிகம். இரண்டுக்கும் இப்படி ஒரு பொருத்தத்தை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து வருவதெல்லாம் ஒன்றால் ஒன்று வருவதாகிவிடாது என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவர்தான். அன்று அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. வந்தாலும், முதலாளியின் முகம் அதற்கு முன்னால் வந்து நின்றிருக்கும்.

செய்தியைக் கேட்ட முதலாளி நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். 'இரவில் அமைதி, பகலில் சுறுசுறுப்பு' என்று விற்பனை மேலாளர் அங்கேயே வாசகம் எழுதினார். அறிமுக விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. சராசரியாருக்குத் தலைமை அதிகாரி பதவி என்று பேச்சு அடிபட்டது.

எல்லாம் கூடி வந்தது. ஓர் ஆளுக்கு மட்டும் மாத்திரை வேலை செய்யவில்லை. அது சராசரியார்.

முதல் நாள் பத்து. அடுத்த நாள் பத்து. வரவேற்பறைப் பெண் போனை வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்ப்பாள். கேன்டீன் பலகையில் அவர் பெயர் உச்சியிலேயே உட்கார்ந்துகொண்டது. மாத்திரையை விழுங்குகிறவர்கள் முன்னால் அதைக் கொடுக்கிறவருக்கு இது பெருத்த அவமானம். ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார், பத்து. மல்லாந்தால் உறுத்தட்டும் என்று பனியன் முதுகில் பந்து வைத்துத் தைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். அவள் தைத்துக் கொடுத்துவிட்டு அன்றும் பத்து போட்டாள். தலையணையை மாற்றினார், கட்டிலை இடம் மாற்றிப் போடச் சொன்னார். அவள்தான் தள்ளிப் போட்டாள். அன்றைக்கும் பத்து. கடைசியில் ஒரு ராத்திரி முழுக்கக் கண்ணையே மூடாமல் விழித்திருந்து பார்த்தார். மறுநாள் காலையில் போனில் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது. பத்து.

இது எப்படி என்று சோபாவில் உட்கார்ந்து யோசித்தார். மனைவி பெருக்கிக்கொண்டு வந்தாள். அவள் துடைப்பத்துக்கு வழிவிட்டுக் காலை மேலே தூக்கிக்கொண்டு, அந்தரத்தில் கால் இருக்கும்போதே விடை கண்டுபிடித்தார். பழைய நாட்களின் சத்தம் அவள் மனதில் தங்கிவிட்டிருக்கிறது. நினைவுப் பிழை. அளவுகோலில்தான் கோளாறு. "இன்னொரு டீ கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, தன் பெயரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிக்கொண்டார். கூட்டத்தோடு ஒட்டாத புள்ளியை விலக்கிவைப்பது சாஸ்திரப்படி சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விழா கேன்டீனில் நடந்தது. மேசைகளை ஒதுக்கிவிட்டு மேடை போட்டிருந்தார்கள். குடியிருப்புப் பெண்கள் முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். அவர்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்து நிலைத்துவிட்ட ஒரே ஆள் என்று சகலைக்கு மேடையில் நாற்காலி, கையில் பரிசுக் கோப்பை. அவர் கண்கள் குழி விழுந்து, உடம்பு இளைத்து, பகல் சுறுசுறுப்பு எல்லாம் தீர்ந்துபோனவர் மாதிரி இருந்தார்.

முதலாளி பேச எழுந்தார். மனிதகுலம் தூக்கத்தைத் தொலைத்த கதையிலிருந்து தொடங்கினார். அவர் கற்காலத்தைத் தாண்டுவதற்கு முன்பே, ஒலிபெருக்கியில் ஏதோ கரகரவென்றது. மின்சாரக் கோளாறு என்று விற்பனை மேலாளர் கம்பியை ஆட்டிப் பார்த்தார். கரகரப்பு உறுமலாக மாறியது. உறுமல் ஏறி, உச்சியில் ஒரு விசிலோடு நின்று, மறுபடி அடியிலிருந்து கிளம்பியது. முதலாளி பேச்சை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

கோப்பையைக் கட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி சகலை தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

சராசரியார் நாற்காலியைவிட்டு எழுந்தார். மேடைக்குப் பின்பக்கமாக இறங்கி, முன்வரிசையில் இருந்த மச்சினியிடம் குனிந்து வந்தார். மெல்ல, யார் காதிலும் விழாதபடி, இன்றைக்குக் காலையில் எத்தனை மார்க் போட்டாய் என்று கேட்டார்.

"பூஜ்யம் அத்தான்."

"அப்ப ராத்திரியில இந்தச் சத்தம் வர்றதில்லையா?"

"வராமலா? இதைவிட அதிகமாவே வரும். பக்கத்து வீட்ல சுவத்தைத் தட்டுவாங்க."

"அப்புறம் எப்படிம்மா பூஜ்யம் போட்டே?"

மச்சினி தன் அக்காவை ஒரு தரம் பார்த்தாள். அக்கா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினி, பாவம் இந்த மனுஷன் என்கிற மாதிரி அவர் பக்கம் திரும்பினாள்.

"குறட்டைக்கு யாரு அத்தான் மார்க் போட்டா? நாங்க எல்லாரும் புருஷனுக்குத்தானே போட்டோம்."